உன் தம்பி வண்டியின் மூக்கை இறக்கிவிட்டேன்

உன் தம்பி குமரேசன் கழற்றிப் போட்ட டயர் ஒன்று கடைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வெளி ஓரம் மொட்டை. உள் ஓரத்தில் ரப்பர் பட்டன் இன்னும் தேயாமல் புதுசு. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சூடேறிய ரப்பர் நாற்றம் முகத்தில் அடித்தது. நீ இருந்தால் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்து, வண்டியின் முன்பக்கத்தை எவ்வளவு தூக்கியிருக்கிறான் என்று கணக்குச் சொல்லிவிட்டு, திட்ட ஆரம்பித்திருப்பாய். நீ இல்லை. அதனால் நானே திட்டினேன். திண்டிவனம் ரோடு முழுக்கக் கேட்டிருக்கும்.

உன் வருஷ திதி அடுத்த வாரம் வருகிறது. உன் அம்மா வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் நான்தான். நடந்ததை என் வாயாலேயே உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான புதிதில் நாம் கடை போட்ட காலத்தில், நம் பக்கம் சக்கரத்தை நேராக்கும் அலைன்மென்ட் என்றால் நூல் பிடிப்பதுதான். பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, சரி என்பார்கள். மெஷின் வாங்கியபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார நான் ஆள் தேடினேன். "ஆளு எதுக்கு? நா இன்னா வூட்ல சும்மாதான குந்திங்கீறேன்?" என்று நீயே வந்து உட்கார்ந்துவிட்டாய். வருகிற டிரைவர்கள் உன்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஓனர் இல்லையா?" என்பார்கள். "ஓனரு வண்டிக்கு அடியில கீறாரு. இன்னா கோளாறுன்னு என்கிட்ட சொல்லு" என்பாய். அடியில் படுத்துக்கொண்டு நான் சிரிப்பேன். எண்ணெய் சொட்டு வாயில் விழும்.

டிரைவர் வழக்கமாக உட்காரும் கனத்தோடு அளந்தால்தான் அளவு என்பது உன் சட்டம். ஆளை இறங்கவே விடமாட்டாய். அவன் டீக்குப் போனால் அவன் இடத்தில் மணல் மூட்டை ஏறும். மூட்டையைத் தூக்கி வைப்பது மட்டும் என் வேலை. ஒல்லியான டிரைவர் வந்தால், "இவருக்கு அர மூட்ட போதும்" என்று அவர் காதில் விழவே சொல்வாய்.

பிக்கப்பின் முன்பக்கத்தைத் தூக்கும் பழக்கம் நம் ஊரில் வரப்பிலிருந்து வந்தது. கழனிக்குள் மல்லாட்டைக் கடலை ஏற்றப் போகிற வண்டிக்கு வரப்பில் அடி இடிக்கும். உடனே முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குத் தண்டின் போல்ட்டைத் திருகி மூக்கை மேலே ஏற்றிவிடுவார்கள். அப்புறம் வரப்பு போய் அழகு வந்தது. மூக்கு தூக்கிய வண்டிதான் மாப்பிள்ளை வண்டி என்று ஆகிவிட்டது. திருகுகிறவனுக்கு ஏறினது மட்டும்தான் கண்ணில் படும். மூக்கு ஏறும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள் கீழே தொங்கிப்போகும். சக்கரத்தின் தலை வெளியே சாயும். ஸ்டியரிங்கின் தடி இழுபட்டு, இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். வளைவில் திருப்பிவிட்டால் தானாகத் திரும்பி வருகிற குணமும் ஸ்டியரிங்குக்குக் குறைந்துபோகும்.

"நூலு, சக்கரம் எந்தப் பக்கம் பாக்குதுன்னுதான் சொல்லும். எப்டி நிக்குதுன்னு சொல்லாது." இது நீ ஒவ்வொரு டிரைவரிடமும் சொன்னது. பார்வையை, ஸ்டியரிங் தடியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். சாய்வைத் தகடு வைத்துக் கொஞ்ச தூரம் சரிக்கட்டலாம். அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. எல்லை தாண்டிய வண்டி வந்தால், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "வராது. எறக்கு" என்பாய். அவ்வளவுதான் பேச்சு.

அவலூர்பேட்டைக்காரர் ஒருவர் மூக்கு தூக்கிய வண்டியோடு வந்து நின்றது நினைவிருக்கிறதா? சக்கரத்தின் பார்வையை மட்டும் சரிசெய்து கொடு, மற்றது என் பாடு என்றார். நீ மாட்டேன் என்றாய். நம் கடையைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர் போன பிறகு, "வர்ற கிராக்கியை இப்படி வெரட்டுனா கடை எப்டி நடக்கும்?" என்று நான் கேட்டேன். "காத்துல அலையிற வண்டிய ரோட்டுல வுட்டுட்டு, நா வூட்ல சோறு துன்னணுமா?" என்றாய். அன்று மத்தியானம் நீயும் சாப்பிடவில்லை, என்னையும் சாப்பிட விடவில்லை. அவர் திரும்பி வரவே இல்லை. அதற்காக நீ ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

கிட்னி போய்விட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல யாரு குந்திங்கீறாங்க?" என்றுதான் கேட்டாய். நான்தான் என்றேன். "போச்சுடா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை மறக்க எனக்கு வழி தெரியவில்லை. தேடவும் இல்லை.

உன் காரியம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து முடிவே பண்ணிவிட்டார்கள். மெஷினை விற்றுவிட வேண்டுமாம், நான் எங்காவது கூலிக்குப் போக வேண்டுமாம். பொம்பளை இருந்த கடை, இனி ஓடாது என்றார்கள். ஓடுகிறது. திரையில் எண்களை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். உன் வேகம் இல்லை. ஆனாலும் படிக்கிறேன்.

போன வாரம் குமரேசன் தன் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். தர்பூசணி சீசன். தினமும் மெட்ராஸுக்கு லோடு அடிக்கிறான். வண்டியின் மூக்கு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேய்ந்த டயரைக் கழற்றிப் போட்டு, வேறு டயர் மாட்டச் சொன்னான்.

"நூலு புடிச்சாச்சு மாமா. நேராத்தான் கீது. டயரு கம்பெனிதான் சரியில்ல."

மெஷினில் ஏற்றினேன். திரை முழுக்கச் சிவப்பு. தகடு வைத்துப் பார்த்தேன், எல்லை முடிந்துபோனது. போல்ட்டைக் கடைசி வரைக்கும் திருகியிருக்கிறான். ரோட்டில் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"ஹைவேஸ்ல கொஞ்சம் அலையிது. கெட்டியா புடிச்சிக்கினா போவுது."

முதுகில் தர்பூசணி லோடு, பக்கத்தில் பஸ்ஸும் லாரியும், இவன் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறானாம். உனக்கு இருக்கிறது ஒரே தம்பி.

"எறக்கிடலாம்டா" என்றேன்.

"இன்னா மாமா, எறக்குனா வரப்புல இடிக்குது. பசங்க சிரிப்பானுங்க. பார்வைய மட்டும் சரி பண்ணி வுடு. நா டீ குடிச்சிட்டு வரேன்."

அவன் போனான். அவன் சீட்டில் மணல் மூட்டையை வைத்தேன். வண்டிக்கு அடியில் புகுந்தேன். இரண்டு பக்கத்துப் போல்ட்டையும் பழைய உயரத்துக்கு இறக்கி, வண்டியை அழுத்தி ஆட்டி நிலைக்கு வரவிட்டு, தகடு மாற்றி, தடி திருகி, திரையில் ஒவ்வொன்றாகப் பச்சை வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். கேட்காமல் செய்தது தப்பு என்கிறார்கள். இருக்கட்டும். கேட்டிருந்தால் விட்டிருப்பானா?

டீக்கடையிலிருந்து வந்தவன் வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "யார கேட்டு எறக்குன?" என்று கத்தினான். "உங்க அக்காளக் கேட்டு" என்றேன். சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது. அவன் முகம் கறுத்துவிட்டது. செத்தவளை இழுக்கிறாயா என்றான். இனி உன் வாசலை மிதிக்கமாட்டேன், திதிக்கும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சாயங்காலம் உன் அம்மா போன் செய்தார். "எம் பொண்ணு உயிரோட இருந்தா தம்பி கேட்டதச் செய்யாம இருப்பாளா?" என்று அழுதார். அழாதீங்க அத்தை என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். மீதியை உன்னிடம் சொல்கிறேன். நீ இருந்திருந்தால் அவனை டீ குடிக்கக்கூட விட்டிருக்க மாட்டாய். காதைப் பிடித்துத் திருகி, அவன் கையாலேயே போல்ட்டை இறக்க வைத்திருப்பாய்.

மன்னிப்புக் கேட்டால் வருவார்கள் என்று ஒரு பெரியவர் தூது வந்தார். கேட்கமாட்டேன். உன் படத்துக்கு முன்னால் நான் ஒருவனே இலை போடுகிறேன். வடையும் பாயசமும் எனக்குச் செய்யத் தெரியாது. சோறும் குழம்பும் வைக்கிறேன். காக்காய்க்கு அது போதும். நீயும் குறை சொன்னவள் இல்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது, திரை முன்னால் நீ சொன்ன அந்த 'வராது'தான். அதை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. உன் தம்பிக்காகக்கூட இல்லை. அவனுக்காகத்தான் விடவே மாட்டேன்.

அவன் வண்டியை மறுபடி தூக்கவில்லை. நேற்று நம் கடை வழியாகப் போனதை என் கண்ணால் பார்த்தேன். மூக்கு இறங்கியபடியே இருந்தது. பெருமைக்காரன், ஹாரன்கூட அடிக்கவில்லை. மார்க்கெட்டில் தினமும் என்னைத் திட்டித் தீர்க்கிறானாம், கேட்டவர்கள் வந்து சொல்கிறார்கள். திட்டட்டும். தினமும் மெட்ராஸ் போய், தினமும் முழுசாக ஊர் வந்து சேர்ந்து, வாய் வலிக்கத் திட்டட்டும்.