உனக்குப் பிடித்தது சாம்பார் சாதமாம்

உன் அம்மாவின் தூக்குவாளியை நாலாவது தடவையாகத் தேய்த்துவிட்டேன். புளி போட்டும் தேய்த்தாயிற்று, சாம்பல் போட்டும் தேய்த்தாயிற்று. மூடியைத் திறந்தால் இன்னும் வறுத்து அரைத்த மல்லி வாசம் அடிக்கிறது. உன்னை நினைத்து அழலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆத்திரம்தான் வருகிறது. நீ எதிரே இருந்தால் இந்த வாளியாலேயே உன் தலையில் ஒன்று போட்டிருப்பேன்.

இன்று காலை அந்தப் பத்திரிகையிலிருந்து எனக்கும் கேள்விகள் வந்தன. உனக்கு வந்த அதே நாலு கேள்விகள். படைப்பாளியான உங்களுக்கு இப்போது பிடித்த உணவு எது, பானம் எது, ரசிக்கும் கலை எது, பொழுதுபோக்கு எது. ஒரு நல்ல புகைப்படமும் வேண்டுமாம்.

உன் பதில்கள் எனக்கு மனப்பாடம். சாம்பார் சாதம், மூலிகைத் தேநீர், வீணைக் கச்சேரி, மாடித் தோட்டம். பக்கத்தில் பட்டுப்புடவையில் நீ.

மூலிகைத் தேநீரை நீ கண்ணால் பார்த்திருப்பாயா? அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் உனக்குக் கலர் வேண்டும், அதுவும் சிவப்புக் கலர். குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் கடைக் கண்ணாடியில் பார்ப்பாய், நாற்பது வயதில். நாம் போன ஒரே வீணைக் கச்சேரியில் என் தோளில் சாய்ந்து தூங்கினாய். திருச்சுழிப் பக்கம் எந்த ஊரில் முளைப்பாரி என்றாலும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிக் கும்மியடிப்பாய். நான் கதை எழுதி நீ படம் வரைந்த முதல் புத்தகத்தில் பெண்கள் எல்லாரும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்பது அந்தக் கும்மியால்தான். மாடித் தோட்டம் என்பது ஒரு ரோஜாச் செடி. அதையும் தண்ணீர் ஊற்றியே கொன்றாய். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்னால் ஆட்களின் முகங்களை வரைவாயே, அது ஒன்றுதான் உன் பொழுதுபோக்கு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். உன் அம்மா களையெடுக்கப் போய் வந்த கையோடு மாட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயப்போடுவார். அந்த உப்புக்கண்டத்தை நீ கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோனதே இல்லை. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். எங்கள் வீட்டில் அது புதிதல்ல, பெருநாளைக்குப் பங்குக் கறியே வரும். என் அம்மா குழம்பு வைத்துத் தருவார். சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, "எங்கம்மா கை வச்சாத்தாண்டி இதுக்கு ருசி" என்று அவர் எதிரிலேயே சொல்வாய். என் அம்மா கோபித்துக்கொண்டதில்லை, அடுத்த வாரமும் வைத்துத் தந்தார்.

காய்ச்சலென்று படுத்த நீ எழவில்லை. முப்பதாம் நாள் மதுரையில் உனக்கு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். மேடையில் உன் படங்கள், வாசலில் சாப்பாட்டு மேசை. மேசைமேல் ஒரு அட்டை, 'அவருக்குப் பிடித்த உணவு'. இலையில் சாம்பார் சாதமும் அப்பளமும்.

உன் அம்மா இரண்டு பஸ் மாறி இந்தத் தூக்குவாளியோடு வந்தார். உனக்குப் படைக்க உப்புக்கண்டக் குழம்பு கொண்டுவந்திருந்தார். உன் படத்துக்கு முன்னால் மூடியைத் திறக்கப் போனவரை, கூட்டம் நடத்தியவர் ஓடிவந்து நிறுத்தினார். மரியாதையாகத்தான் சொன்னார். "மேடத்துக்கு இதெல்லாம் பிடிக்காதும்மா. பத்திரிகையிலயே சொல்லியிருக்காங்க."

உன் அம்மா மூடியை அழுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூட்டம் முடியும்போது மெதுவாகக் கேட்டார். "அப்ப இத்தன வருசமும் எம்மனசு நோகக்கூடாதுன்னுதான் தின்னாளா தாயி?"

இல்லை என்று சொல்ல வேண்டியவள் நான். வாய் வரவில்லை. வாளியை என் மடியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஏன் வாய் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். கேள்விகள் வந்த அன்று நீ எனக்குப் போன் செய்தாய். "சாப்பாட்டுக்கு என்னத்தடி எழுத? நெசத்த எழுதவா?" என்றாய். வேலை மும்முரத்தில் நான்தான் சொன்னேன். "சாம்பார் சாதம்னு எழுதித் தொலடி. ஒஞ்சட்டிய யாரு வந்து பாக்கப் போறா?" நீ சிரித்தாய். சாம்பார் சாதம் தின்கிறவள் சிவப்புக் கலரா குடிப்பாள் என்று, மற்ற மூன்றையும் அதற்குத் தோதாக நீயே எழுதிக்கொண்டாய்.

நீ வரைந்த யானைக்கு நீல நிறம் வேண்டாம் என்று சொன்னதற்கு மூன்று நாள் என்னோடு பேசாதவள் நீ. அன்றைக்கு மட்டும் ஏனடி என் பேச்சைக் கேட்டாய்? நாலு வசை வைதுவிட்டுப் போனை வைத்திருக்கக் கூடாதா?

இதுவரை எழுதியது வியாழக்கிழமை. இன்று சனிக்கிழமை.

என் பதிலை அனுப்பிவிட்டேன். உணவு என்ற இடத்தில், என் தோழியின் அம்மா வைக்கும் மாட்டுக்கறி உப்புக்கண்டக் குழம்பு, அவளுக்கும் அதுதான் உயிர், சாம்பார் சாதம் என்று எழுதச் சொன்னவள் நான் என்று எழுதினேன். பத்திரிகையிலிருந்து ஒரு பெண் பேசினாள். அசைவ உணவு என்று பொதுவாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். எழுதியபடி போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் சோப்பு விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பார்க்கிறோம் என்றாள்.

அவர்கள் பார்க்கும்வரை என்னால் காத்திருக்க முடியாது. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் நம் இரண்டு வீட்டிலும் இல்லை. வாளி நிறைய நெய்ச்சோறு எடுத்துக்கொண்டு உன் ஊருக்குப் போனேன். எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பிடிச்சுத்தான் தின்னாளா?" என்றார். ஆமாம் என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை ஆட்டித் தடுத்தார்.

"ஒன்னய வஞ்சு என்ன செய்ய? எங்கிட்டக் கேட்டிருந்தா நானும் அதத்தான் எழுதச் சொல்லிருப்பேன்."

அங்கேதான் நான் அழுதேன், ஆத்திரத்தில். உன்மேல் இருந்ததும் என்மேல் இருந்ததும் போதாதென்று, அவரையும் அப்படிச் சொல்ல வைத்த எல்லார்மேலும்.

நெய்ச்சோற்றை ஒரு சட்டிக்கு மாற்றிவிட்டு வாளியைக் கழுவினார். கயிற்றிலிருந்து உப்புக்கண்டத்தை உருவி அதில் போட்டார். நீ காய்ச்சலில் படுப்பதற்கு முன்னால் உனக்கென்று காயப்போட்டதாம். பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாசத்துக்கு முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நான் மூடியை நன்றாகத் திறந்து வைத்தேன்.