என் மேல், என்னோடு

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம்தான், முழங்கால் மட்டும் பள்ளிக்கூட மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. ஏழு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. உன் வீட்டுக்காரர்தான் எடுத்து, குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று சமாளிக்கிறார். பாவம், அவருக்குப் பொய் சொல்லவே வரவில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவையாவது படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும் உன்னிடம் வெறும் காய்ச்சல் என்று சொன்னவள் நான். முகம் பார்க்கக்கூட உனக்குக் கிடைக்கவில்லை. உன் கோபம் நியாயமானது.

பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இந்த மாதம் முன்னிடைச்சொல் தொடர்கள். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'வித்' என்று ஆரம்பிக்கும் சின்னத் துண்டுகள். நாம் மேசையைச் சொல்லிவிட்டு 'மேல்' என்போம். அவர்கள் 'மேல்' என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் மேசைக்கு வருகிறார்கள். அந்தத் துண்டு பக்கத்தில் இருக்கும் சொல்லைப் போய்ப் பிடித்துக்கொள்ளும், இடம் பார்த்து வையுங்கள் என்று இரண்டு வாரமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன். ஒரு மகராசன், தலைமையாசிரியர் நாயோடு நடக்கப் போவதைப் பற்றி எழுதினான். அவருடைய நீல டையைக் கொண்டுபோய் வாக்கியத்தின் கடைசியில் வைத்துவிட்டான். அவன் எழுதியபடி பார்த்தால் டை கட்டியிருந்தது நாய். ஆசிரியர் அறையில் இதை நான் வாசித்துக் காட்டும்போது தலைமையாசிரியர் என் பின்னால் நின்றிருக்கிறார். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

வீட்டில் இப்போது அப்பாவின் அறையில் உட்கார்ந்துதான் நோட்டுத் திருத்துகிறேன். அங்கேதான் வெளிச்சம் நன்றாக வருகிறது. கட்டிலை இன்னும் எடுக்கவில்லை. நோட்டுகளை அதன் மேல் வைக்க மனம் வராமல் தரையில் அடுக்கி வைத்து, குனிந்து குனிந்து எடுக்கிறேன்.

போன வியாழக்கிழமை, குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண். வாயே திறக்காது. 'அம்மா என் மேல் கோபமாக இருக்கிறார்' என்பதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றி, 'ஆன்' போட்டு எழுதியிருந்தது. முப்பத்தெட்டு பேரில் பாதிக்கு மேல் செய்கிற தப்புதான் அது. 'ஆன்' இல்லை, 'வித்' என்று அடித்துத் திருத்தினேன். அந்தப் பெண் எழுந்து நின்றது.

"மிஸ், 'வித்'னா கூடன்னுதானே சொன்னீங்க? கோவம்னா பேசாம விலகிப் போயிடுவாங்க. அப்புறம் எப்படிக் கூட இருப்பாங்க?"

அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு என்று உட்கார வைத்தேன். இருபத்து மூன்று வருஷ அனுபவத்தில் எனக்குக் கிடைத்த பதில் அதுதான். மறுநாள் நோட்டு வாங்க வந்தபோது அதுவே மெதுவாகச் சொன்னது. அம்மா ஒரு வாரமாகத் தன்னோடு பேசுவதில்லையாம். ஆனால் தினமும் சாப்பாடு கட்டி வைத்துவிடுகிறார்களாம். அப்படியென்றால் 'வித்' சரிதானே மிஸ் என்று கேட்டது. சரிதான் என்றேன்.

அன்றிலிருந்து 'உனக்காக' என்ற ஒரு சொல் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. உன்னிடமும் உன் வீட்டுக்காரரிடமும் துக்கத்துக்கு வந்த எல்லாரிடமும் நான் சொன்னது ஒன்றேதான். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ அலைய வேண்டாம் என்று, உனக்காகத்தான் மறைத்தேன் என்றேன். ஊரே தலையாட்டியது. அது பொய். உனக்காக இல்லை, வாலு.

நாலு வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நகம் வெட்டிவிட்டவள் நான். கண் விழிக்கும்போதெல்லாம் அவர் கேட்டது, "சின்னவ வரலையா?" நான் பக்கத்திலேயே நிற்கிறேன், என்னைத் தாண்டிக் கதவைப் பார்க்கிறார். நீ வந்துவிட்டால் அவருக்கு நான் கண்ணிலேயே படமாட்டேன் என்று தோன்றியது. கடைசி நாட்களாவது எனக்கே எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். நாற்பத்தேழு வயதில் இப்படி ஒரு பொறாமை. எழுதவே கை கூசுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடம் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. "கிளம்பிட்டாப்பா, வந்துட்டே இருக்கா" என்று அவரிடமும் சொன்னேன். எட்டு நாளும் சொன்னேன். அவர் நம்பினார். நீ வராமல் இருந்துவிட்டாய் என்று ஒரு நாளும் அவர் நினைக்கவில்லை. கடைசி வரை நீ வழியில்தான் இருந்தாய். இது உனக்கு ஆறுதலா, இன்னும் ஆத்திரமா, எனக்குத் தெரியாது. ஆனால் உனக்குச் சேர வேண்டியது, நான் வைத்துக்கொள்ளக் கூடாது.

குழந்தை இந்நேரம் தவழ ஆரம்பித்திருக்கும். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும், பார்த்துக்கொள். முகம் தெரியாத இந்தப் பெரியம்மாவின் ஆசீர்வாதம் அதற்கு எப்போதும் உண்டு, நோய் நொடி இல்லாமல் வளரட்டும். அடுத்த மாதம் எனக்குப் பத்து நாள் விடுமுறை. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கோபம் ஆறின பிறகு வா என்றும் சொல்லமாட்டேன். அது ஆறாமலே போகலாம். வந்து ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். கோபத்தோடே வா.

உன் வழி பார்த்திருக்கும்,
அக்கா