எபோவின் விரலும் உங்கள் சர்க்கரையும்

எக்குவாவின் அப்பாவுக்கு,

நீங்கள் அசந்து தூங்குகிறீர்கள், அதனால் எழுதி வைத்துவிட்டுத் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகிறேன். அடுப்பில் கீரைக் குழம்பு இருக்கிறது. புளித்த சோளமாவுக் கெங்கி பாதி உருண்டை போதும், முழுசையும் உள்ளே தள்ளாதீர்கள்.

சற்று முன் உங்கள் தம்பி எபோ மிளகாய் அரைக்கும்போது கையை உதறிக்கொண்டு குதித்தான். பார்த்தால் விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து! "அண்ணி, அண்ணன்தான் விரல நீட்டுடான்னாரு. உங்ககிட்ட காட்ட நல்ல நம்பர் வேணுமாம்" என்கிறான். ஒரு வாரமாக அந்தச் சர்க்கரை பார்க்கும் மெஷினில் நான் பார்த்துப் பூரித்துப் போனது அவன் ரத்தமா? பிரமாதமான மூளை உங்களுக்கு. வியாழக்கிழமை கீமோவையும் அவனுக்கே ஏற்றச் சொல்லட்டுமா?

கீமோவோடு தரும் மாத்திரை சர்க்கரையைக் கூட்டும் என்று புற்றுநோய் வார்டு நர்ஸ் உங்கள் எதிரில்தானே சொன்னார்? போன தடவை சர்க்கரை எகிறிப்போய்த்தானே மருந்து ஏற்றாமல் திருப்பி அனுப்பினார்கள்? அதற்குள் மறந்தாயிற்று.

மத்தியானம் சர்ச் பாடகர் குழு வரும். ரத்தம் ஊறும் என்று இனிப்பு மால்ட் பான பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நீங்கள் ஜெபத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மால்ட்டை எபோ குடிக்கட்டும், அவன் சர்க்கரைதான் தங்கமாயிற்றே!

எஃபுவா

பி.கு.: எழுந்ததும் உங்கள் விரலைக் குத்திப் பார்த்து, வந்த நம்பரை இதே தாளில் எழுதுங்கள். எவ்வளவு ஏறியிருந்தாலும் திட்ட மாட்டேன்.

இல்லை, திட்டத்தான் செய்வேன். இருந்தாலும் எனக்கு அந்த நம்பர்தான் வேண்டும். நான் கட்டிக்கொண்டது எபோவை அல்ல.