ரசீது வேண்டாம் என்றவர்கள்

அம்மாவுக்கு,

முன்பின் தெரியாத பிள்ளைக்கு ஒருவர் ஏன் ஒரு நாள் கூலியைத் தருகிறார்? உன் முழங்கால் வலி தேவலையா?

கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகும் பெண்கள், தம்பி மகள் தன்விகாவின் கல்லீரல் ஆபரேஷனுக்குப் பணம் தந்தார்களே, அவர்களில் ஒருத்தியான முனீஸ்வரியிடம், ரசீது அனுப்புவதாகப் போனில் சொன்னேன்.

"ஏத்தா, வட்டிக்கா குடுத்தோம், ரசீது வாங்க? அந்த ரசீது புக்கு வாங்குற காசையும் பிள்ளைக்கே போடு" என்று சிரித்தாள்.

யாரும் தரமாட்டார்கள் என்று தம்பியிடம் வாதாடியவள் நான்.

இன்று ஆபரேஷன் முடிந்தது. கல்லீரலில் ஒரு பகுதி கொடுத்த தம்பியும் நலம். யாராவது சென்னை வந்தால் பருப்புப்பொடி கொடுத்துவிடு. ஒருத்திக்காகச் சமைக்கத் தோன்றவில்லை. நர்ஸ் கூப்பிடுகிறார்.

மாரீஸ்வரி

மறுநாள் காலை: தன்விகா விழித்துத் தண்ணீர் கேட்டாள். இன்னும் குடிக்கக் கூடாது என்று நர்ஸ் உதட்டை மட்டும் நனைத்தார். கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்கும்படி அழுதாள்.