போர்டின் இடது பாதி

மார்ச் 10, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை வேறு, கொடியில் துணி போட முடியவில்லை.

ஜான்சிக்கு மஞ்சள் காமாலை, பதினோராம் நாள். மகள் என்ன சாப்பிடுகிறாள் என்று தினமும் எழுதி வரச் சொன்னார் டாக்டர். நோட்டின் முன் பக்கங்கள் அவருக்கு. கடைசிப் பக்கங்கள் எனக்கு.

கஞ்சி, இளநீர், இட்லி 2. கண் மஞ்சள். நலங்கு வைக்காமலே கல்யாணக் களை வந்துவிட்டது என்றேன். தலையணையை விட்டெறிந்தாள். தெம்பு வருகிறது.

வெள்ளிக்கிழமை கணக்கு டெஸ்ட். இரண்டாவது செமஸ்டர், கால்குலஸ். இதை எழுதாவிட்டால் பெரிய பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்களாம். போன செமஸ்டர் கணக்கிலேயே அரியர்.

அவள் கூட்டாளிகளிடம் நோட்டு கேட்டால், நாங்களே எழுதறதில்ல ஆண்ட்டி என்கிறார்கள். அதே காலேஜில் இரண்டாம் மாடியைக் கூட்டுவது நான். அவள் வகுப்பு போர்டைத் துடைப்பதும் நான். துடைப்பதற்கு முன் பார்த்து எழுதினால் என்ன? ஐந்தாவதுதான் படித்தேன். பரவாயில்லை, கோலம் போலப் பார்த்து வரையலாம்.

மார்ச் 11, செவ்வாய்

வரைந்தேன். முக்கால் மணி நேரம். தூண்டில் முள் மாதிரி ஒரு குறி, சில இடத்தில் ஜோடியாக. வரிக்கு வரி கடைசியில் அதே இரண்டு எழுத்து. சார் கையெழுத்து என்று நினைத்து விட்டுவிட்டேன். ஜான்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது dx-ஆம், அது இல்லாமல் கணக்கே இல்லையாம். அவளே போட்டுக்கொண்டாள்.

"சாரு எழுத்து எனக்கே புரியாது. நீ புரியாமலே கரெக்டா எழுதிக்கினு வந்துகீற."

மோர், இட்லி 3.

மார்ச் 12, புதன்

மூன்றாம் மாடி ஆள் வரவில்லை. அதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் சூப்பர்வைசர். ஒரே ஓட்டம். வகுப்புக்குள் நுழைந்தேன், ஈரத்துணியை எடுத்தேன், எப்போதும் போல இடது பக்கத்திலிருந்து துடைத்தேன். பாதி போர்டு போன பிறகுதான் ஞாபகம் வந்தது. பதினாலு வருஷப் பழக்கம். கைக்கு யார் சொல்வது.

அங்கே மாங்காய்க் கீற்று மாதிரி ஒரு படம் இருந்தது. பக்கத்தில் நாலைந்து வரி. இப்போது ஈரம்தான் இருந்தது. வலது பாதியை மட்டும் வரைந்துகொண்டேன். கணக்கு சாரைத் தேடி ஓடினேன். கிளம்பிவிட்டார். நாளை லீவாம்.

ஜான்சி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த நம்பருங்கோ எங்கேர்ந்து வந்துச்சும்மா?"

"இருந்தத எழுதினேன்டி."

பொய் இல்லை. ஆனாலும்.

புத்தகத்தில் தேடினாள், வேறு மாதிரி இருக்கிறதாம். அதன் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டாள். கஞ்சி அரை டம்ளர்.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் கிண்டல்தான் வந்தது. பாழாய்ப்போன வாய்.

கூட்டாளிகளிடம் அந்தப் படத்தை வரைந்தீர்களா என்று கேட்டேன். எந்தப் படம் ஆண்ட்டி என்றார்கள். கூட வேலை செய்யும் கஸ்தூரியிடம் மட்டும் சொன்னேன்.

"சொன்னா மட்டும் போர்டு திரும்பி வருமா? பொண்ணு பயந்துடும். வுடு."

இளநீர், இட்லி 2. வாந்தி இல்லை.

மார்ச் 14, வெள்ளி

ஆட்டோவில் கூட்டிப்போனேன். படி ஏற இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள்.

வராந்தாவில் மாப்பு போட்டேன். ஜன்னல் வழியாக அவள் பின்னல் தெரிந்தது. கை எழுதிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. நின்றது நின்றதுதான். சூப்பர்வைசர் வந்தார்.

"இன்னாம்மா, அங்கியே மாப்பு போட்டுக்கினு கீற? கப்பல் வுடப் போறியா?"

வேறு நாளாக இருந்தால் பதில் கொடுத்திருப்பேன்.

வெளியே வந்தாள். மற்றதெல்லாம் சுமாராம். பெரிய கணக்கு ஒன்று, புதன்கிழமைக் கணக்கு. பின்பாதி அப்படியே ஞாபகம் இருந்ததாம். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லையாம். மேலே அரைப் பக்கம் காலியாக விட்டு, கீழே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நீ இல்லன்னா அந்தப் பாதியும் வந்திருக்காதும்மா."

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. பெட்டிகளை எண்ணினேன். நடுவில் விட்டுப்போனது.

"இன்னா, இன்னிக்கி நக்கலே காணோம்?" என்றாள்.

கஞ்சி ஒரு டம்ளர், இட்லி 2. கண் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. திங்கள்கிழமை டாக்டரிடம் நோட்டை எடுத்துப்போவது அவள்தான். அதற்குள் என் பக்கங்களைக் கிழிக்க வேண்டும்.