தொட்டிக்குள் படரும் பச்சைத் தோல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் மீன்கள் ஒன்பது, எல்லோரும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும். போனில் கேட்டால் "சூப்பரா இருக்கேன்ப்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவின் முழங்கால் வலிக்குத் தாவிவிடுகிறாய், அவளும் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் கடிதம். சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், மீன்தொட்டியைப் பார்க்க உன் அறையில் நீ மாட்டி வைத்த கேமராவின் கண் இங்கே எட்டாது.

விஷயம் உன் மீன்தொட்டி. ஒரு மாதமாகக் கூழாங்கல் மேலும் செடி மேலும் கரும்பச்சையாக ஒன்று படர்கிறது. பாசி என்று நினைத்தேன். பாசி நூல் நூலாக வரும், இதுவோ பாலில் ஆடை படிவதுபோல் ஒரே தோலாகப் படிகிறது, தொட்டால் பிசுபிசுவென்று உரிந்து வருகிறது, சேற்று நாற்றம் வேறு. உரித்துப் போட்டால் மூன்றாம் நாள் மறுபடி ஆஜர். நான் தீனியை அள்ளிக் கொட்டுகிறேன் என்று அம்மாவும், அவள் கண்ணாடி துடைக்கிற சோப்புதான் காரணம் என்று நானும் ஒரு வாரம் சண்டை போட்டோம், வழக்கம்போல் நான் தோற்றேன். கடைசியில் நீ மீன் வாங்கின கடைக்காரரையே கையோடு கூட்டி வந்தேன். அவர் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, இது பாசியே இல்ல சார், ஒரு வகைக் கிருமி, பாசி மாதிரி வேஷம் போடும் என்றார். லைட் எவ்வளவு நேரம் எரியுது என்று கேட்டார். சாயங்காலத்திலிருந்து ஆறு மணி நேரம், என் மகள் வெளிநாட்டிலிருந்தே போனில் செட் பண்ணி வைத்திருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஆறு மணி நேரத்துக்கு இவ்வளவு வராதுங்க, பகல்லயும் எரியுது, கவனிச்சுப் பாருங்க" என்றார். தோலை உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றி, தொட்டியைக் கறுப்புத் துணியால் நாலு நாள் இருட்டாக மூடிவிட வேண்டுமாம். காற்றுக் குழாய் மட்டும் ஓட வேண்டும், தீனி கூடாது, மீன் அதையெல்லாம் தாங்கும் என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பீரோவை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒளிந்துகொள்ள இல்லை, ஃபேன் காற்று அங்கேதான் வரும். பத்தரைக்கு லைட் எரிந்தது. உனக்கு அப்போது நடுராத்திரி. ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று எழுந்திருக்கப் போனேன், கேமராவின் ஸ்பீக்கரிலிருந்து உன் குரல் வந்தது. "என்னால இங்க இருக்க முடியலடா, இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு இந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன், அப்பாகிட்ட எப்படிச் சொல்றது" என்று மீன்களிடம் சொன்னாய். நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். வெளியே வர வேண்டுமானால் கேமராவுக்கு முன்னால்தான் வர வேண்டும், வந்தால் இனி நீ மீனிடம்கூடப் பேசமாட்டாய். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள், பீரோ மறைவில் இருந்த என்னைப் பார்க்கவில்லை, அவளைக் கண்டதும் நீ லைட்டைப் பட்டென்று அணைத்துவிட்டாய். அவள் போனதும் எரிந்தது. நாலேகால் வரைக்கும், உனக்கு விடிகிற வரைக்கும், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, இருமலை விழுங்கிக்கொண்டு, திருடனைப்போல் உட்கார்ந்திருந்தேன். எங்க தொலைஞ்சீங்க என்று அம்மா கேட்டதற்கு முடிவெட்டப் போனேன் என்றேன். என் தலையை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

மகளே, எனக்குக் கோபம் வருகிறது. உன் மேல் இல்லை, என் மேல்தான். பார்க்கிறவனிடமெல்லாம் என் மகள், என் மகள் என்று நான் அடித்த தம்பட்டம் உன் வாயை அடைத்துவிட்டது. இருபத்தேழு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் மணியை அடிக்க வெட்கப்படுவார்கள், யாராவது தானாக வருவார்கள் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். அடித்தால்தானே வெளியே இருக்கிறவனுக்குத் தெரியும். இத்தனை பேரை வெளியே எடுத்தவனுக்குச் சொந்த மகள் மாட்டிக்கொண்டது ஒரு கிருமியைப் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

தொட்டியை நான் இன்னும் மூடவில்லை. நடுராத்திரியில் நீ போனைத் திறந்து அங்கேயும் இருட்டாக இருந்தால் தாங்கமாட்டாய். தினமும் தோலை உரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், மீன்கள் சமாளிக்கின்றன. பத்து மணிக்கே ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிடுகிறேன், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. நீ பேசுவதைக் கேட்பதற்காக இல்லை, நீ தனியாக இருக்கக் கூடாது என்றுதான். இதைப் படித்ததும் ஒரு வார்த்தை சொல், அன்றைக்குத் தொட்டியை மூடிவிட்டுக் கேமராவை ஸ்டூல் பக்கம் திருப்புகிறேன். சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவேன், பயப்படாதே. வருகிறேன் என்று நீ சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டேன். கையெழுத்துப் போட்ட காகிதம் காகிதம்தான், அதை எப்படி அவிழ்ப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு இது தெரியாது, முழங்கால் வலியை மட்டும் விசாரி.

பத்தரைக்கு லைட் எரியக் கூடாதே என்று தினமும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா