நெரெய்டாவின் நீலச் செருப்பு

ஹோலியோக், பிப்ரவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் எனக்கு ஆசி சொல்லுங்கள். உங்கள் முட்டிவலி தேவலையா? நானும் வயிற்றுப் பிள்ளையும் நலம்.

சர்க்கரை சற்று ஏறியிருக்கிறதாம். பயப்படாதீர்கள். "ரெண்டு பேருக்குச் சேத்துச் சாப்பிட்டுட்டுப் படுத்தே கிடக்காதீங்க, நடங்க" என்றாள் நர்ஸ். நெரெய்டா அக்கா பிள்ளை உண்டாகியிருந்தபோது நீங்கள் அவளைக் கட்டிலை விட்டு இறங்கவே விடாததை நான் சொல்லவில்லை.

வெளியே பனி. அதனால் பாதிக் கடைகள் மூடிக்கிடக்கும் ஒரு மாலுக்குள் நடக்கிறேன். துணைக்கு ஒருத்தி வருகிறாள். அவளும் பிள்ளைத்தாய்ச்சிதான். இடுப்பில் கையை ஊன்றி எனக்கு முன்னால் நடப்பாள், திரும்பிப் பார்க்கவே மாட்டாள். நேற்று கால் கடுத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளும் நின்றாள்.

"எழுந்திருடி, ஆமைக்குட்டி! நீ உக்காந்தா நானும்ல நிக்க வேண்டியிருக்கு!"

என்னை அப்படிக் கூப்பிட்டது அக்கா மட்டும்தானே? எழுந்து நடந்தேன். மூடிய கடைகளின் கண்ணாடியில் நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

அழாதீர்கள் அம்மா. இங்கே என்னோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்?

காப்பித்தூள் அனுப்பும்போது அக்காவின் நீலச் செருப்பையும் வையுங்கள். அவளைச் சவப்பெட்டியில் கிடத்திய அன்று, வீங்கிய காலில் நுழையவில்லை என்று நீங்கள் எடுத்து வைத்தீர்களே, அதுதான். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். தரை ஜில்லென்றிருக்கிறது, அவள் வெறுங்காலோடு நடக்கிறாள். நடந்து நடந்து வீக்கமெல்லாம் வடிந்துவிட்டது. இப்போது சரியாக இருக்கும்.

உங்கள் மகள்,
யாரிட்சா